சுவர் படத்தை அடுக்கினால் இணைப்புக் கோடு தெரிகிறது

கேள்வி: பூச்சு உரிந்த சுவரைப் படமெடுத்து, 2000 பிக்சல் சதுரமாக வெட்டிப் பக்கத்தில் பக்கமாக அடுக்கினேன். சேரும் இடம் அப்பட்டமாகத் தெரிகிறது. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் எப்படி மறைப்பது?

பதில் 1: ஆஃப்செட்டில் (படத்தை நகர்த்தி, வெளியே போகும் பகுதியை எதிர்ப்பக்கம் கொண்டுவரும் வசதி) எக்ஸ், ஒய் இரண்டுக்கும் 1000 கொடுங்கள். விளிம்புகள் நடுவில் சிலுவையாக வந்து நிற்கும். அதை ஹீல் கருவியால் (சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஒட்டுவது) சரிசெய்யுங்கள். குளோன் (ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் கருவி) மட்டும் போட்டால் ஒரே விரிசல் இரண்டு இடத்தில் வந்து காட்டிக்கொடுக்கும். படத்தின் வெளி ஓரங்களைத் தொடவே வேண்டாம், பொருத்தம் போய்விடும்.

பதில் 2: அதற்கும் முன்னால் வெளிச்சத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு பக்கம் இருட்டடித்திருந்தால் என்ன செய்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, அந்த நகலுக்குக் காஸியன் ப்ளர் (மங்கலாக்கும் வசதி) 150 கொடுத்து, அதன் கலப்பு முறையை கிரெயின் எக்ஸ்ட்ராக்டுக்கு மாற்றுங்கள்; வெளிச்ச வேறுபாடு கழிந்துவிடும். படம் சாம்பல் பூத்துவிடும். சுவரின் சராசரி நிறத்தை நிரப்பிய லேயரை மேலே கிரெயின் மெர்ஜ் முறையில் வைத்தால் நிறம் திரும்பும்.

பதில் 3: கண்ணாடிபோல் திருப்பி ஒட்டினால் கோடே வராது. ஆனால் கறைகள் வண்ணத்துப்பூச்சி வடிவம் எடுக்கும். சுவருக்கு அது பொருந்தாது.