நாலு தையலுக்குப் பதில் சொல்லுங்கள்

தாமிரபரணி:
"வண்டியில் போகும்போது மாரடைப்பு வந்து விழுந்தவருக்கு விபத்துப் பணம் கிடைக்காது, வீணாக அலையாதீர்கள்" என்று முன்னாள் முகவர் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. எங்கள் மாமா மேலப்பாளையம் ரோட்டில் வேகத்தடை தூக்கிப்போட்டு விழுந்தார். நெற்றியில் நாலு தையல். இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி பாலிசித் தொகையைக் கொடுத்தது, விபத்தில் இறந்தால் கூடுதலாகத் தரும் விபத்துப் பலனை மறுத்துவிட்டது. நாலு தையல் விபத்து இல்லையா?

முன்னாள் முகவர்:
2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பைக்கில் போனவர் நெஞ்சுவலி வந்து விழுந்து இறந்தார், எல்.ஐ.சி. விபத்துப் பலன் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பு. கண்ணுக்குத் தெரிகிற வெளி அடியால் மட்டுமே சாவு வந்திருக்க வேண்டும். 22 வருடம் பாலிசி போட்டவன் சொல்கிறேன்.

தாமிரபரணி:
அந்த வழக்கில் விழுந்ததால் காயம்பட்டதற்கு ஆதாரமே இல்லை. மாமாவுக்கு நாலு தையல். 22 வருடத்தில் ஒரு தீர்ப்பையாவது முழுதாகப் படித்தீர்களா?

கடலூர் மணி:
ஐயா, மாமாவுக்குச் சர்க்கரை உண்டா? பாலிசி போட்ட படிவத்தில் மறைத்திருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

தாமிரபரணி:
தம்பி, பாலிசி போட்டு 9 வருடம் ஆகிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி 3 வருடம் தாண்டினால் பாலிசியைக் கேள்வி கேட்கவே முடியாது. அப்புறம், படிவத்தை நிரப்பியது முகவர்தான். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று அவரே எழுதினார். மாமா கையெழுத்து மட்டும் போட்டார்.

முன்னாள் முகவர்:
முகவர் என்றால் திருடனா? சாவு வீட்டுக்கு முதலில் ஓடுவது நாங்கள்தான். சொந்தக்காரன் வருவதற்குள் கிளெய்ம் படிவத்தோடு நிற்போம். கமிஷன் கமிஷன் என்று போன மாதமும் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

செல்வி:
சண்டை எதற்கு? முதலில் கம்பெனிக்கு முறையீடு எழுதுங்கள். மறுத்தால் ஒரு வருடத்துக்குள் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை கேட்கலாம்.

தாமிரபரணி:
போகிறேன் அம்மா. ஆனால் தையலைப் பற்றி இவர் ஏன் வாயே திறக்கவில்லை?

முன்னாள் முகவர்:
தையல் காயத்துக்கு, சாவுக்கு இல்லை. பிரேதப் பரிசோதனையில் மாரடைப்பு என்று இருக்கிறதா இல்லையா?

தாமிரபரணி:
தலைக்காயமும் அதே தாளில் இருக்கிறது. மாரடைப்பு வரியை மட்டும் படிக்கிறீர்கள்.

முன்னாள் முகவர்:
நெஞ்சுவலி வந்துதான் விழுந்தார்.

தாமிரபரணி:
டீக்கடைக்காரர் கண்ணால் பார்த்தவர். முன்சக்கரம் எகிறியது, அதற்குப் பிறகுதான் விழுந்தார். எப்.ஐ.ஆரில் அப்படியே இருக்கிறது. நாலு தையல், ஐயா. நாலு.