டிவியில் எல்லாவற்றையும் அணைத்தும் டேட்டா போய்க்கொண்டே இருக்கிறது, அவசர உதவி தேவை

மழைமின்னல்:
வணக்கம். ஸ்மார்ட் டிவி. தனியுரிமை மெனுவில் இருந்த எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். அப்படியும் பை-ஹோலில் (வீட்டு நெட்வொர்க்கில் விளம்பர, உளவு முகவரிகளைத் தடுக்கும் மென்பொருள்) பார்த்தால் இரவு முழுக்க யாருக்கோ எதையோ அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நேற்று அதில் ஒரு பெரிய பிளாக்லிஸ்ட் (தடுக்க வேண்டிய முகவரிகளின் பட்டியல்) சேர்த்தேன். அதற்கப்புறம் இன்னும் மோசம், எண்ணிக்கை பல மடங்கு ஏறிவிட்டது. போதாக்குறைக்கு முகப்புத் திரை வெறும் கறுப்பாக வருகிறது, சில ஆப்கள் திறப்பதே இல்லை. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். எப்படி நிறுத்துவது?

செப்புக்கம்பி:
என்ன டிவி, என்ன மாடல்? எந்த பிளாக்லிஸ்ட்? எண்ணிக்கை என்றால் எது, மொத்தக் கோரிக்கையா, தடுக்கப்பட்டதா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அரைகுறை_டெக்கி:
சந்தேகமே வேண்டாம், மைக்தான். 2015லேயே சாம்சங் தன் தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருந்தது: குரல் அறியும் வசதி ஓடும்போது நீங்கள் பேசும் சொந்த விஷயங்களும் மூன்றாம் தரப்புக்குப் போகலாம் என்று. அது வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. உங்கள் ரிமோட்டில் மைக் பட்டன் இருந்தால் முதலில் அதன் பாட்டரியைக் கழற்றுங்கள்.

கோடைநிழல்:
பாட்டரியைக் கழற்றிவிட்டு டிவியை எழுந்து போய் அணைக்கச் சொல்கிறீர்களா? அவர் இரவில் போகிறது என்கிறார். தூங்கும்போது யார் பேசுகிறார்கள்?

அரைகுறை_டெக்கி:
குறட்டை?

பூஜ்யம்ஒன்று:
இதற்கு இங்கேயே பல முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடல் பெட்டியை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. டிஎன்எஸ் கோரிக்கைக்கும் (ஒரு சர்வரின் முகவரியைக் கேட்பது மட்டும்) டேட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் கிராஃபைப் பார்த்துப் பதறுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

மழைமின்னல்:
கம்பெனி பெயர் வேண்டாமே. என் அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறாள். பை-ஹோல் லாக் (பதிவு) இதோ, முகவரியை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.

02:14:07 லாக்-சர்வர் – தடுக்கப்பட்டது
02:14:09 லாக்-சர்வர் – தடுக்கப்பட்டது
02:14:11 லாக்-சர்வர் – தடுக்கப்பட்டது
02:14:13 லாக்-சர்வர் – தடுக்கப்பட்டது

விடியும் வரை இப்படியேதான்.

செப்புக்கம்பி:
பூஜ்யம் அண்ணன் சொன்ன விதம் சரியில்லை, ஆனால் விஷயம் சரி. மின்னல், உங்கள் லாக்கிலேயே விடை இருக்கிறது. 2 விநாடிக்கு ஒரு முறை வருகிறது பாருங்கள். டிவி "இந்த முகவரி எங்கே இருக்கிறது" என்று கேட்கிறது, பை-ஹோல் "0.0.0.0" என்று பொய் சொல்லி அனுப்புகிறது. அந்தப் பொய்க்கு ஆயுள் இயல்பாகவே 2 விநாடிதான். முடிந்ததும் டிவி திரும்பக் கேட்கிறது. அதாவது ஒரு பைட் கூட அங்கே போகவில்லை, போக முடியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதிகம் தடுத்ததால்தான் எண்ணிக்கை அதிகமானது. நிஜமாகவே எவ்வளவு போகிறது என்று தெரிய ரவுட்டரில் டிவிக்கு நேரே உள்ள அப்லோடு அளவைப் பாருங்கள்.

கறுப்புத் திரைக்குக் காரணமும் அந்தப் பெரிய பிளாக்லிஸ்ட்டாகத்தான் இருக்கும். பல டிவிகளில் முகப்புப் படங்களும் விளம்பரமும் ஒரே சர்வர் கூட்டத்திலிருந்துதான் வருகின்றன. முகப்பைத் திறந்து அந்த நொடியில் எது தடுக்கப்படுகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக அனுமதித்துக்கொண்டே வாருங்கள்.

இரவில் விழித்திருப்பதற்கு "குவிக் ஸ்டார்ட்" மாதிரி ஏதாவது இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் திரைதான் அணைகிறது, டிவி அணைவதில்லை.

நூல்கண்டு:
பை-ஹோலை மட்டும் நம்பாதீர்கள். சில டிவிகளில் 8.8.8.8 என்று கூகுளின் டிஎன்எஸ் முகவரி உள்ளேயே எழுதப்பட்டிருக்கும், உங்கள் பை-ஹோலை மதிக்காது. ரவுட்டரில் டிவியிலிருந்து வெளியே போகும் 53ஆம் போர்ட்டை (டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழி) அடைத்துப் பாருங்கள். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இயங்கினால் அந்த வழியாகவும் தப்பிக்கும். சாதாரண இணையதளங்கள் போகும் 443ஆம் போர்ட் வழியாக மறையாக்கம் செய்து கேட்டால் இந்த வித்தை எதுவும் பலிக்காது.

கோடைநிழல்:
எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஏசிஆர் அணைந்திருக்கிறதா? திரையில் ஓடுவதைத் துளித்துளியாக எடுத்து, அதன் கைரேகை போன்ற ஒன்றை சர்வருக்கு அனுப்பி, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும் வசதி. சில டிவிகளில் இது "தனியுரிமை" என்ற தலைப்பில் இருக்காது. சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்", எல்ஜியில் "லைவ் பிளஸ்", சோனியின் சில மாடல்களில் "சம்பா" என்று ஒவ்வொன்றிலும் ஒரு செல்லப் பெயர். ஏதோ கூடுதல் சுவை சேர்ப்பது போலத்தான் இருக்கும்.

இதற்குத்தான் அமெரிக்காவில் விசியோ என்ற டிவி கம்பெனி மாட்டிக்கொண்டது. 1.1 கோடி டிவிகளில் அனுமதி கேட்காமல் விநாடிக்கு விநாடி பார்வை விவரம் எடுத்தார்கள் என்று அங்கே எஃப்டிசி (நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பு) வழக்குப் போட்டது. 2017ல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள்.

திண்ணைப்பேச்சு:
டிவியை இணையத்திலிருந்து கழற்றிவிட்டு லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். முடிந்தது கதை.

கோடைநிழல்:
கழற்றினால் சரி. கழற்றாமல் எச்டிஎம்ஐ மட்டும் மாட்டினால் பலனில்லை. 2024ல் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வெறும் மானிட்டராக எச்டிஎம்ஐயில் மாட்டியிருந்தபோதும் ஏசிஆர் வேலை செய்தது. ஆனால் அமைப்பில் முறையாக விலகியதும் அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. அதனால் மின்னல், நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த சுவிட்ச்சை.

பளிங்கு:
ஒரு சந்தேகம், கோபப்படாதீர்கள். நான் என்ன படம் பார்த்தேன் என்று தெரிந்து அவர்களுக்கு என்ன ஆகப் போகிறது? மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. பெயர் இல்லாமல்தானே எடுக்கிறார்கள்?

பூஜ்யம்ஒன்று:
வந்துவிட்டது. ஒவ்வொரு இழையிலும் இது ஒரு தடவை வந்தே தீரும்.

நூல்கண்டு:
பளிங்கு, 2006ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டிக்காகச் சுமார் 4.8 லட்சம் பேர் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களைப் பெயரை நீக்கிவிட்டு வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் அதை ஐஎம்டிபி என்ற சினிமா தளத்தில் ஆட்கள் சொந்தப் பெயரில் எழுதியவற்றோடு ஒப்பிட்டுச் சிலரை அடையாளம் கண்டார்கள். கொஞ்சம் படங்களும் ஏறக்குறைய எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்பதும் இருந்தாலே போதும். 2010ல் நெட்ஃபிளிக்ஸ் அடுத்த போட்டியையே கைவிட்டது. பெயர் இல்லை என்பது பெரிய பாதுகாப்பு அல்ல.

பளிங்கு:
அது ஆராய்ச்சி. நிஜத்தில் யார் மெனக்கெட்டு என் பட்டியலைத் தேடுவார்கள்?

நூல்கண்டு:
1987ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ராபர்ட் போர்க்கை நியமிக்கப் பார்த்தார்கள். ஒரு நிருபர் நேரே வீடியோ கடைக்குப் போய் அவர் வீட்டார் வாடகைக்கு எடுத்த படங்களின் பட்டியலை வாங்கி அச்சில் போட்டுவிட்டார். அதில் ஒன்றும் அசிங்கமாக இல்லை, சாதாரணப் படங்கள்தான். இருந்தும் அடுத்த ஆண்டே, 1988ல், வீடியோ வாடகை விவரத்தைக் காக்க அங்கே தனிச் சட்டம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லாதவருக்குத்தான் அது நடந்தது.

திண்ணைப்பேச்சு:
இதையெல்லாம் பேசிப் பயனில்லை. டிவி ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று யோசியுங்கள். மேலே சொன்ன அதே விசியோ 2021ல் ஒரு காலாண்டில் டிவி விற்றதைவிட விளம்பரம், தரவு பக்கத்தில்தான் அதிக மொத்த லாபம் காட்டியது. 2024 கடைசியில் வால்மார்ட் அதை 230 கோடி டாலருக்கு வாங்கியது, வெறும் பெட்டிக்காகவா? பணத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு மீதியை இப்படி வசூலிக்கிறார்கள். அந்த பேரம் பிடிக்காதவர் வாங்க வேண்டாம்.

கோடைநிழல்:
பேரம் என்றால் இரண்டு பக்கமும் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் நீண்ட ஒப்பந்தம் ஒன்று வருகிறது, கீழே "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்று பெரிய பட்டன். ரிமோட்டில் ஓகே அழுத்தினால் அதில்தான் விழும். மறுக்க வேண்டுமானால் ஒவ்வொரு பெட்டியாக இறங்கி டிக்கை எடுக்க வேண்டும். இது பேரமா?

பூஜ்யம்ஒன்று:
படிக்காமல் ஓகே அழுத்தினால் அது உங்கள் பொறுப்பு.

கோடைநிழல்:
நீங்கள் படித்தீர்களா?

பூஜ்யம்ஒன்று:
என்னிடம் ஸ்மார்ட் டிவியே இல்லை.

அரைகுறை_டெக்கி:
அப்படியானால் எந்த அனுபவத்தில் எல்லோருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள் சார்?

செப்புக்கம்பி:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னல், இருக்கிறீர்களா? அந்த சுவிட்ச் கிடைத்ததா, அப்லோடு எவ்வளவு? இன்னொன்று: மென்பொருள் அப்டேட் வந்த பிறகு புதிய விதிமுறை காட்டி ஓகே கேட்டால் அவசரப்பட வேண்டாம். சில டிவிகளில் அந்த ஒரு ஓகேயில் நீங்கள் அணைத்தவை திரும்ப முளைத்துவிடும்.

மழைமின்னல்:
கிடைத்தது. தனியுரிமையில் இல்லை, "பொது" என்ற மெனுவுக்குள் "கூடுதல் சேவைகள்" என்பதன் கீழே இருந்தது. அணைத்தேன். குவிக் ஸ்டார்ட்டையும் எடுத்துவிட்டேன். முகப்புத் திரை வந்துவிட்டது, அனுமதித்தது ஒரே ஒரு முகவரிதான். இரவு லாக் ஏறக்குறைய அமைதி. பாடல் ஆப் ஒன்று மட்டும் இன்னும் திறக்கவில்லை. அவசரமாக வெளியே போகிறேன், எல்லோருக்கும் நன்றி.

செப்புக்கம்பி:
"ஏறக்குறைய" என்றால் மீதி எது? முகவரியைப் போடுங்கள். நேரம் சரிபார்க்கும் சர்வர் என்றால் விட்டுவிடலாம். மறுபடி லாக்-சர்வர் என்றால் 53ஆம் போர்ட் விஷயத்தையும் செய்துதான் ஆக வேண்டும். பாடல் ஆப்புக்கு, பை-ஹோலை 5 நிமிடம் நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் பிளாக்லிஸ்ட் வேலை, திறக்காவிட்டால் ஆப்பை அழித்து மறுபடி போடுங்கள்.