எங்க வீட்டுல இன்னைக்கு பெரிய மேட்ச்

குழு: திண்டுக்கல் வீடு

12 ஆகஸ்ட் 2023, சனி

கார்த்தி: அக்கா, அத்தான் கிளம்பியாச்சா?

நித்யா: மதியமே போயாச்சு. மோகன் பகானோட பச்சை மெரூன் பனியன், தோள்ல கொடி. சாப்பாடு கூட பாதிதான். "தொடர்ந்து 8 டெர்பி அடிச்சாச்சு, இன்னைக்கு 9"ன்னு சொல்லிட்டே படி இறங்கினார்.

பெரியப்பா: எண்ணிட்டே போறவன் என்னைக்காவது ஒரு நாள் எண்ணிக்கைய விடுவான். சொல்லிவை.

அம்மா: யாருக்கும் யாருக்கும்மா மேட்ச்?

சோமு மாமா: கொல்கத்தாவுல வேற யாரு? மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். இவங்க ரெண்டு பேரும் மோதினா அதுக்குப் பேர்தான் டெர்பி. டூரண்ட் கோப்பை ஃபுட்பால்.

பெரியம்மா: இங்க காலையிலேருந்து உங்க பெரியப்பா, ஈஸ்ட் பெங்கால் கட்சி, போனையும் விடல, டிவி ரிமோட்டையும் விடல. மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா கையக் காட்டி உக்கார சொல்றார்.

நித்யா: இங்க மட்டும் என்ன வாழுதாம். மாமனார் ஹால்ல டிவி முன்னாடி. அவர் வடக்கு கொல்கத்தா, தலைமுறை தலைமுறையா மோகன் பகான். மாமியார் அடுப்படியில. அவங்க அப்பா அம்மா பிரிவினையில கிழக்கு வங்காளத்துப் பரிசால்லேருந்து வந்தவங்க, அதனால ஈஸ்ட் பெங்கால். சமையக்கட்டுல நின்னாலும் காது ரெண்டும் ஹால்லதான்.

அம்மா: சம்பந்தி ரெண்டு பேரும் வேற வேற கட்சியா!

நித்யா: பருப்புல சர்க்கரை போடறதுலேருந்து எல்லாமே வேற கட்சிதான் அம்மா. மாமனார் பக்கத்துக்காரங்க கோட்டி, அதாவது மேற்கு வங்காளத்துப் பூர்வீகம்; மாமியார் பக்கம் பாங்கால், கிழக்கேருந்து வந்தவங்க. ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயிச்சா சிங்கிரி, அதாவது இறால். மேட்சுக்கு மறுநாள் மீன் மார்க்கெட்ல எது விலை ஏறியிருக்குன்னு பாத்தாலே யார் ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சிடும்.

கார்த்தி: நீ எந்தக் கட்சி?

நித்யா: நான் இட்லிக் கட்சி. என்னை இழுக்காதே.

கார்த்தி: இடைவேளை. 0-0.

பெரியப்பா: நல்லாத்தான் ஆடறானுங்க. அந்த வலது பக்கத்துப் பையன் யாரு?

கார்த்தி: நந்தகுமார் சேகர். நம்ம சென்னைக்காரர் பெரியப்பா! ஒடிசாவுலேருந்து இந்த வருஷம்தான் ஈஸ்ட் பெங்கால் வந்தார்.

பெரியப்பா: அப்படிப் போடு.

கார்த்தி: கோல்ல்ல்ல்!!!!!

கார்த்தி: நந்தா!! 60-வது நிமிஷம்!! வலது பக்கத்துலேருந்து உள்ள வந்து இடது கால்ல வளைச்சு விட்டார் பாருங்க!!

சோமு மாமா: யப்பா. என்னா கோல்.

பெரியம்மா: இங்க சேர் விழுந்துடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல.

நித்யா: இங்க ஒரே நிசப்தம். மாமியார் கைய முந்தானையில துடைச்சிட்டு ஹாலுக்கு வந்தாங்க. மாமனாரைப் பாத்து "டீ போடட்டுமா"ன்னு கேட்டாங்க. வேற ஒரு வார்த்தை பேசல. அவர் வேண்டாம்னுட்டார்.

சோமு மாமா: 😂😂 அந்த டீ கோலை விட மோசம்.

கார்த்தி: முடிஞ்சுது. 1-0. 2019 ஜனவரிக்கு அப்புறம் ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கிற முதல் டெர்பி. நாலரை வருஷம்!

பெரியப்பா: எழுதி வெச்சுக்கங்க, தெக்கத்திக்காரன் போட்ட கோல். ஈஸ்ட் பெங்காலுக்கு இது புதுசு இல்ல. 1949-லேருந்து அஞ்சு வருஷம் அவங்க முன்வரிசைக்குப் பேரு பஞ்ச பாண்டவர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. அஞ்சு பேரும் நம்ம பக்கத்துக்காரங்க. ஒருத்தன் கூட வங்காளி கிடையாது. அதுக்குப் பிறகு எவனாவது என்கிட்ட "மதராசி, உனக்கு எதுக்குய்யா ஈஸ்ட் பெங்கால்"னு கேட்டா இந்த அஞ்சு பேரையும் சொல்லுவேன், வாயடைச்சிடுவான்.

அம்மா: நீங்க எப்படி மாமா அந்தக் கட்சியில சேர்ந்தீங்க? கொல்கத்தாவுக்கு ரயில்வே வேலைக்குத்தானே போனீங்க.

பெரியப்பா: மெஸ்ல என் ரூம்காரன் டாக்கா பக்கத்துப் பையன். அவங்க அப்பா குளம், தோப்பு, வீடு எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவர். ஜாதவ்பூர் பக்கம் அகதிக் காலனியில தகரக் கூரை வீடு. அங்க ஞாயித்துக்கிழமை சாப்பிடப் போவேன். அந்த வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல ஈஸ்ட் பெங்கால் டீம் படம் இருந்துச்சு. கிளப் ஆரம்பிச்சது 1920, அகதிகள் வந்தது 1947. ஆனா வந்தவங்களுக்கு அந்தக் கிளப் பேர்லயே சொந்த ஊர் இருந்துச்சு. அதான் அத்தனை பேரும் ஒட்டிக்கிட்டாங்க. நானும் ஊரை விட்டுப் போனவன்தானே, ஏதோ கொஞ்சம்.

பெரியப்பா: 75-ல ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பை பைனல், நாங்க 5-0. மோகன் பகான் மைதானத்துலயே வெச்சு. ரேடியோவுல கேட்டோம். கூட்டத்துக்குப் பயந்து அவங்க ஆளுங்க சில பேர் ராத்திரி முழுக்க கங்கையில படகுல இருந்தாங்கன்னு கதை.

நித்யா: மாமனார்கிட்ட படிச்சுச் சொன்னேன். அவர் சொல்றத அப்படியே எழுதறேன்: "1911 ஜூலை 29. ஷீல்டு பைனல். ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட், வெள்ளைக்காரப் பட்டாளம். எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் தவிர எல்லாரும் வெறுங்கால். 2-1. அப்ப அவங்க கிளப் பிறக்கவே இல்ல."

பெரியப்பா: அதை எவன் இல்லைங்கறான். அதுக்கு எந்திரிச்சு நின்னு கும்பிடுவேன். அடுத்த நாளே வந்து பந்து ஆடச் சொல்லு.

கார்த்தி: 97-ல நீங்க ஸ்டேடியத்துல இருந்தீங்கதானே பெரியப்பா? 1,31,781 பேர் வந்த மேட்ச்.

பெரியப்பா: அதுல நானும் ஒரு ஆள். பெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் கோச் அமல் தத்தா தன்னோட ஆட்ட வியூகத்தை டயமண்ட் டயமண்ட்னு ஊரெல்லாம் பேசி, நம்ம பையன் பூட்டியாவைக் கிண்டல் பண்ணி வெச்சார். பூட்டியா மூணு போட்டான். 4-1. நம்ம கோச் பி.கே. பானர்ஜி அதுவரைக்கும் வாயே திறக்கல.

சோமு மாமா: இவ்வளவு கூட்டத்துல அடிதடி வராதா?

பெரியப்பா: வந்திருக்கு. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். களத்துல ரெண்டு பேர் மோதினது கேலரியில பத்திக்கிச்சு. 16 பேர் செத்துட்டாங்க. அன்னைக்கு எனக்கு டியூட்டி, போகல. மெஸ்ல பாதிப் பேர் போயிருந்தாங்க. ஒவ்வொருத்தனா வந்து சேர ராத்திரி ஆயிடுச்சு, நாங்க வாசல்லயே நின்னோம். வர்ற புதன்கிழமை அந்த நாள். வருஷா வருஷம் ரத்த தானம் நடக்கும். ரெண்டு கட்சிக்காரனும் வருவான்.

நித்யா: ஆமா, இவரும் போவார்.

நித்யா: வந்துட்டார். பனியனைக் கழட்டி நேரா வாஷிங் மெஷின்ல போட்டுட்டார். "பெரியப்பாவுக்கு வாழ்த்து சொல்லு, பைனல்ல பாப்போம்"ங்கறார்.

3 செப்டம்பர் 2023, ஞாயிறு

கார்த்தி: சொன்ன மாதிரியே பைனல்லயும் இவங்க ரெண்டு பேரும்தான். டூரண்ட் ரெண்டு பேர்கிட்டயும் 16-16. இன்னைக்கு யாருக்கு 17?

பெரியப்பா: மோகன் பகான் தாப்பாவுக்கு ரெட் கார்டு! பத்துப் பேர்தான் இருக்கானுங்க. முடிஞ்சுது கதை.

சோமு மாமா: அண்ணே, வாயை வைக்காதீங்க.

கார்த்தி: 😶

கார்த்தி: மோகன் பகான் கோல். பெட்ராடோஸ். 71-வது நிமிஷம். பத்துப் பேரோட.

சோமு மாமா: சொன்னேன்ல.

நித்யா: இங்க தெருவே பட்டாசு. மாமனார் எழுந்து மாமியாரைப் பாத்து "டீ இருக்கா"ன்னு கேட்டார். மூணு வாரமா மனசுல வெச்சிருந்திருக்கார் பாருங்க.

அம்மா: போட்டாங்களா?

நித்யா: போட்டாங்க. சர்க்கரை இல்லாம.

கார்த்தி: 1-0, முடிஞ்சுது. மோகன் பகானுக்கு 17.

நித்யா: அத்தான் ஸ்டேடியத்துலேருந்து போன். பெரியப்பா ஏன் ஒண்ணும் எழுதலன்னு கேக்கறார்.

பெரியம்மா: தூங்கிட்டார்.

பெரியப்பா: தூங்கல.

நித்யா: பெரியப்பா, மாமனார் உங்க எல்லாரையும் துர்கா பூஜைக்குக் கூப்பிடறார். மைதான்ல ரெண்டு கிளப் டென்ட்டையும், அதாவது கிளப் ஆபீஸையும், நடந்தே போய்ப் பாக்கலாம், நானே கூட்டிட்டுப் போறேங்கறார். ஒரே நிபந்தனை, அன்னைக்கு வீட்டுல சிங்கிரிதான்.

பெரியப்பா: அவர் டென்ட்ல டீ வேணா குடிக்கிறேன். சிங்கிரி தொட மாட்டேன்னு சொல்லிடு.

நித்யா: அப்ப அவருக்குப் பட்டினிதான்னு சொல்றார்.

பெரியம்மா: எனக்கு இறால் பிடிக்கும். டிக்கெட் போடு நித்யா.