மறுமொழி: கருனிக்கூறுகளில் வரும் நினைவக எச்சரிக்கைகளுக்குக் கலைச்சொல்

வணக்கம் நண்பர்களே,

> ஆக்சஸ்_ஓகே தரும் எச்சரிக்கைக்கு ‘நினைவக அணுகல் அனுமதி எச்சரிக்கை’ என்று வைக்கலாமா?

‘எச்சரிக்கை’ சரி. ‘அனுமதி’ வேண்டாம், ஐயா. அந்தச் சொல் லினக்ஸ் கருனியில் (இயக்குதளத்தின் மையப் பகுதி, கெர்னல்) நடக்காத ஒன்றை நடப்பதாகச் சொல்லிவிடும்.

பயனர் நிரல் ஒரு முகவரியையும் நீளத்தையும் கொடுக்கிறது. அந்த நீட்சி முழுவதும் பயனர்வெளிக்குள் (பயனர் நிரல்களுக்கு உரிய முகவரிப் பகுதிக்குள்) அடங்குகிறதா என்று மட்டும்தான் ஆக்சஸ்_ஓகே என்ற கருனிச் செயற்கூறு பார்க்கிறது. அங்கே நினைவகப் பக்கம் இருக்கிறதா, எழுத உரிமை உண்டா என்பதையெல்லாம் அது தொடுவதில்லை. உறையில் உள்ள பின்கோடு நம் ஊருடையதா என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பது கதவைத் தட்டும்போதுதான் தெரியும்.

‘அனுமதி’க்கு ஒரு காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. வெரிஃபை_ரீட், வெரிஃபை_ரைட் என்று படிப்பதா எழுதுவதா என்பதையும் முன்பு சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய 386 சில்லு கருனி நிலையில் எழுத்துத் தடையை மதிக்காது, அதனால் வந்த ஏற்பாடு அது. 2019இல் வெளிவந்த 5.0 பதிப்பில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த அளபுருவையே (பாராமீட்டர்) நீக்கிவிட்டார். எனவே என் முன்மொழிவு: ‘பயனர்வெளி முகவரிச் சோதனை’. சுருக்கமாக ‘முகவரிச் சோதனை’. ‘எல்லைச் சோதனை’ என்றும் யோசித்தேன், ஆனால் அணிகளின் (அர்ரே) எல்லையைப் பார்ப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

அடுத்து, எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது. முகவரிச் சோதனை தோற்றால் வழக்கமாக எந்த எச்சரிக்கையும் வராது. கருனிக்கூறு (கருனியோடு சேர்ந்து ஓடும் நிரல்துண்டு) ஈஃபால்ட் என்ற பிழைக்குறியைத் திருப்பிவிட்டுப் பேசாமல் போய்விடும். சோதனையையே எழுத மறந்தாலும் எச்சரிக்கை வராது. 4.13 பதிப்பில் வெயிட்ஐடி என்ற அமைப்பழைப்பில் (நிரல் கருனியிடம் பணி கேட்கும் வழி) இந்தச் சோதனை விடுபட்டுப்போய், கருனியின் சொந்த முகவரியிலேயே எழுதவைக்க வழி கிடைத்தது. அதுதான் சிவிஇ-2017-5123 என்று பதிவான பாதுகாப்புக் குறை. கருனி ஒரு வரிகூட முணுமுணுக்கவில்லை. இப்போது, பயனர் நினைவகத்தைத் தொடும் முன் அழைக்கும் யூசர்_ஆக்சஸ்_பிகின் தானே இந்தச் சோதனையைச் செய்வது இப்படிப்பட்ட மறதிகளைத் தடுக்கத்தான்.

அப்படியானால், ஆக்சஸ்_ஓகே பெயரோடு நம் பதிவேட்டில் (லாக்), எச்சரிக்கையின் தொடக்கத்தைக் காட்டும் ‘கட் ஹியர்’ கோட்டுக்குக் கீழே வந்து விழும் எச்சரிக்கை எது? எக்ஸ்86 சில்லுகளுக்கான கருனியில், அணுநிலை உறக்க வழுநீக்கத்தை (உறங்கக்கூடாத இடத்தில் உறங்கும் பிழையைத் தேடும் அமைவு) இயக்கித் தொகுத்தால் வந்துகொண்டிருந்த எச்சரிக்கை அது. அதற்கு முகவரி சரியா தவறா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. குறுக்கீட்டை (வன்பொருள் இடைமறித்து அழைப்பது) கையாளும் இடத்திலிருந்து இதை ஏன் அழைத்தாய் என்பதுதான் அதன் கேள்வி. குறுக்கீடு வரும்போது எந்தச் செயல்முறை ஓடிக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே பயனர் முகவரி என்றால் யாருடைய முகவரி? ஆகவே இதன் பெயரில் ‘நினைவகம்’ என்பதே வரக்கூடாது. ‘சூழல் எச்சரிக்கை’ என்கிறேன். இந்தப் பெயரைப் படிக்கும் மாணவர், முகவரியை நோண்டிக்கொண்டிராமல், தன் செயற்கூறை யார் அழைத்தார்கள் என்று அழைப்புத் தடத்தைப் பார்ப்பார். எனக்கு வேண்டியது இதுதான்.

உண்மையிலேயே நினைவகத்தைப் பற்றிப் பேசும் எச்சரிக்கைகளை கேசான் (கருனியின் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி) தருகிறது. 2015இல், 4.0 பதிப்பில் சேர்ந்தது. இதன் பெயரில் உள்ள ‘சானிடைசர்’ என்பதற்குத் ‘தூய்மிப்பான்’ என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். அது எதையும் தூய்மை செய்வதில்லையே. கண்டுபிடித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். ‘நினைவகக் கண்காணி’ என்று வைப்போம். அதன் பொதுவகையில் ஒவ்வொரு 8 பைட்டுக்கும், அதைத் தொடலாமா என்று குறித்துவைக்க 1 பைட் நிழல் நினைவகம் உண்டு. கேமல்லாக் (கருனியில் நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு) வழியாக 32 பைட் வாங்கினால் நிழலில் ‘தொடலாம்’ என்று நான்கு சுழியங்கள், அதற்கு அப்பால் ‘தொடாதே’ என்று எஃப்சி, எஃப்சி. நம் கூறு 33ஆவது பைட்டில் எழுதியதும் அந்த முதல் எஃப்சியைச் சுட்டிக்காட்டி அறிக்கை அச்சாகிறது. ஏற்கெனவே விடுவித்த இடத்தைத் தொட்டால் அங்கே எஃப்பி இருக்கும். முதல் வகைக்கு ‘வரம்பு மீறிய அணுகல்’, இரண்டாவதற்கு ‘விடுவித்தபின் அணுகல்’. இரண்டுமே படித்த உடனே புரிகின்றன.

இந்த அறிக்கையின் தலைப்பில் ‘பக்’ (வழு) என்று இருக்கும், ஆனால் இயல்பாகக் கருனி அதோடு நின்றுவிடாது, ஓட்டத்தைத் தொடரும். அதனால் இதையும் எச்சரிக்கை வகையிலேயே சேர்க்கிறேன். முதல் மீறலை மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவற்றை விட்டுவிடுவது அதன் இயல்புநிலை என்பதைச் சொல்விளக்கத்தில் கட்டாயம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஓர் அறிக்கையைச் சரிசெய்துவிட்டு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

செயற்கூறுப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். பதிவேட்டில் தேடும்போது அவை அப்படியே கிடைக்க வேண்டும்.

‘சூழல் எச்சரிக்கை’யில்தான் எனக்கு ஒரு தயக்கம் மிச்சம். செயல்முறை மாறுவதைச் ‘சூழல் மாற்றம்’ என்கிறோம், இரண்டும் குழம்புமா? ‘அழைப்பிட எச்சரிக்கை’ இதைவிடத் தெளிவாக இருக்குமா? இயக்குதளம் கற்பிப்பவர்கள் யாராவது இழையில் இருந்தால் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு அப்புறம் சொற்பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்.