பாலிஜெனிக் ஸ்கோர்: தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக்கான பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஓர் இயலின் தலைப்பு ‘கல்வியில் மரபணுக் கணிப்பு: அறமும் வரம்பும்’. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ‘பாலிஜெனிக் ஸ்கோர்’ வருகிறது. இப்போதைக்குப் ‘பல்மரபணு மதிப்பெண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

பொருள் இதுதான். டிஎன்ஏ எழுத்து ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்கள் பல லட்சம். ஓர் இடத்தில் குறிப்பிட்ட எழுத்து ஒருவரிடம் இல்லாதிருக்கலாம், ஒரு படியாக இருக்கலாம், இரு படியாக இருக்கலாம். அந்த 0, 1 அல்லது 2 என்பதை அவ்விடத்துக்குரிய மிகச் சிறிய எடையால் பெருக்குகிறார்கள். எல்லா இடங்களுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் வருவது இந்த ஸ்கோர். எடைகளை எப்படிப் பெறுகிறார்கள்? பெருந்திரளான மக்களிடம் எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று கேட்டு, அந்த விடையோடு எழுத்துகளை ஒப்பிட்டுப் பெறுகிறார்கள். 2013இல் வந்த ஆய்வில் சுமார் 1,26,000 பேர் இருந்தார்கள். உறுதியாகத் தேறியவை 3 இடங்கள். 2022இல் ஏறத்தாழ 30 லட்சம் பேர். தேறிய இடங்கள் 4,000க்குச் சற்றுக் குறைவு. நல்ல சொல் தாருங்கள்.

புலவர் எழுதியது:

முதலில் புணர்ச்சி. பல் + மொழி பன்மொழி, பல் + முகம் பன்முகம். ல் ஈற்றுக்குப் பின் மெல்லினம் வந்தால் அது ன் ஆகும் என்று, ‘மெலிமேவின் னணவும்’ என நன்னூல் சொன்ன பிறகு ‘பல்மரபணு’ எப்படி வரும்? பன்மரபணு என்றே எழுதுக.

அடுத்து, ‘அணு’ எனக்கு உடன்பாடில்லை. அது வேதியியலுக்கு உரியது. சிலர் எழுதும் ‘மரபீனி’ சிறந்தது. ஈனுதல் என்ற நம் வினையிலிருந்து பிறந்தது. கிரேக்கத்தின் ‘ஜென்’ என்னும் வேரும் பிறப்பைத்தான் குறிக்கிறது. நம் ‘ஈன்’ அதற்கு மூத்த உறவு என்பது என் நெடுநாள் கருத்து. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பெயர் என்பதையும் அது எப்படித் தொடங்குகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களைத்தான் முதலில் அடுக்குகிறது. பிறப்பும் மரபும் குழந்தையும் ஓரிடத்தில் கூடும் இயல் அது. ‘மரபுநிலை திரியின் பிறிதுபிறி தாகும்’ என்பதும் அங்கேதான் வருகிறது.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பன்மரபணுவை ஏற்கிறேன். ஈனிக்கும் ஜென்னுக்கும் உறவு என்பதை ஏற்க முடியவில்லை. ஒலி ஒத்தால் வேர் ஒத்ததாகாது. மேலும் மரபணு பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. அதை இப்போது பிடுங்கினால் மாணவர்தான் தடுமாறுவார்கள்.

என் கவலை பின்பாதிச் சொல்லில் இருக்கிறது. ‘மதிப்பெண்’ வேண்டவே வேண்டாம். வகுப்பறையில் மதிப்பெண் என்பது எழுதி வாங்குவது. உழைத்தால் கூடும், அசந்தால் குறையும். பிறக்கும்போதே ஒருவருக்கு மதிப்பெண் போடப்பட்டுவிட்டது என்று ஒரு பயிற்சி ஆசிரியர் படித்தால், அவர் மனத்தில் என்ன பதியும்? அதிலேயே ‘மதிப்பு’ வேறு இருக்கிறது. ‘புள்ளி’ என்று மாற்றினாலும் தப்ப முடியாது. இலங்கைப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்கே அதுதான் பெயர். ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளர் சிலரே, தரம் பிரிப்பதாகத் தொனிக்கிறது என்று ‘ஸ்கோர்’ என்பதை விட்டு ‘இண்டெக்ஸ்’ என்பதற்கு மாறியிருக்கிறார்கள். நாம் ஏன் பழைய சொல்லைச் சுமக்க வேண்டும்? குறியீட்டெண் என்போம்.

புள்ளியியலாளர் எழுதியது:

குறியீட்டெண்ணை ஆதரிக்கிறேன். விலைவாசிக் குறியீட்டெண்ணும் இப்படித்தான்: பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. கணக்கு முறைக்குச் சொல் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் சொல்லை மாற்றினால் தீங்கு தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2022 ஆய்வின்படி, மக்களிடையே படித்த ஆண்டுகளில் காணும் வேறுபாட்டில் இந்த எண் விளக்குவது 12 முதல் 16 விழுக்காடு. கூட்டத்தின் சராசரியைப் பேச அது போதும். ஒரு தனிக் குழந்தையைப் பற்றிச் சொல்லப் போதாது. ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டால் எண்ணுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பின் அளவும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஒரு காரணம், எண்ணுக்குள் பெற்றோரின் நிலைமை ஒளிந்திருக்கிறது. ஐஸ்லாந்துத் தரவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிள்ளைக்குக் கடத்தப்படாத பெற்றோர் மரபணு வடிவங்கள்கூடப் பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டின. கடத்தப்படாதது உடலுக்குள் இருந்து வேலை செய்ய முடியாது. வளர்ப்பின் வழியாக வந்திருக்கலாம். இத்தகைய ஆய்வுகளுக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். மற்றவர்களிடம் இந்த எண்ணின் கணிப்பு வலு வெகுவாகக் குறைகிறது.

1972இல் சமூகவியலாளர் கிறிஸ்டோபர் ஜெங்க்ஸ் சொன்ன எடுத்துக்காட்டை நூலில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். ஒரு நாடு செம்முடிக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால், செம்முடிக்கான மரபணுவே எழுத்தறிவின்மைக்கான மரபணுவாகக் கணக்கில் தெரியும். கணக்கில் பிழை இராது. அநீதி பள்ளி வாசலில் இருக்கும்.

இலக்கிய மாணவர் எழுதியது:

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். சுருக்கமாக ‘ஊழெண்’ என்றால் என்ன? நம் மரபில் பிறப்போடு வருவதற்கு ஊழ் என்ற சொல் இருக்கிறதே. வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

தம்பி, அந்தச் சொல்லை மட்டும் வேண்டாம். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்டவர்தானே ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்றும் எழுதினார்? ஊழ் என்று பெயர் வைத்துவிட்டால் முதல் குறள் மட்டும்தான் ஆசிரியர் காதில் ஒலிக்கும். ‘கீழ்ப்பால் ஒருவன் கற்பின் மேற்பால் ஒருவனும் அவன்கட் படுமே’ என்ற புறநானூற்று வரியை வைத்திருக்கும் மொழி இது. பிறப்பைக் காட்டிக் கல்வியை மறுத்த காலமும் நமக்குத் தெரியும். அதைப் புதிய கருவியோடு திரும்பக் கொண்டுவரும் சொல் எதற்கும் என் கை எழாது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மையாரின் கருத்தோடு உடன்படுகிறேன். ஆனால் நூலாசிரியர் ஒரு நல்ல நோக்கத்தையும் முன்வைக்கிறார்: வாசிப்பில் இடறக்கூடிய குழந்தையை முன்பே கண்டுகொண்டால் முன்பே உதவலாம் என்கிறார். அதைச் சொல்லும் இடத்தில் மொழி கடுமையாகிவிடக் கூடாது.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். 1905இல் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே தம் அறிவுத்திறன் சோதனையை வகுத்ததும் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காணத்தான். பிறகு வேறு நாட்டில் வேறு கைகளில் அதுவே மனிதரைத் தரம் பிரிக்கும் அளவுகோலாயிற்று.

வாசிப்பில் இடறும் குழந்தையைக் கண்டுகொள்ள டிஎன்ஏ சோதனையும் அதற்கான உமிழ்நீரும் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். ‘பழம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசிக்கிறானா, வரியைத் தவறவிட்டு விரலால் தேடுகிறானா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தெரிந்த அந்த நொடியிலேயே உதவியையும் தொடங்கலாம். எண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணைப் பார்ப்பார். குழந்தையின் ஒப்புதலும் அதில் இல்லை. அமெரிக்காவில் 2008இல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம்கூட மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும்தான் காக்கிறது. பள்ளி அதில் இல்லை.

ஆகவே தலைப்பில் உள்ள ‘கணிப்பு’ என்பதையும் எதிர்க்கிறேன். சோதிடருக்கும் அதே வினைதான். நடக்கப்போவதைச் சொல்லிவிட்டதாகத் தொனிக்கிறது. ‘சாய்வு மதிப்பீடு’ என்று எழுதலாம்.

புலவர் எழுதியது:

கணித்தல் எண்ணுதலே. கணக்கும் கணிதமும் அதன் சுற்றம். கணியன் பூங்குன்றனாரையும் சோதிடரென்று தள்ளிவிடுவீர்களா? ‘சாய்வு’ என்றால் கூரைச் சாய்வு என்று நினைப்பார்கள்.

புள்ளியியலாளர் எழுதியது:

‘சாய்வு’ எங்கள் துறையில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. கோட்டின் சரிவுக்கு அதைத்தான் எழுதுகிறோம். குழப்பம் வரும். வானிலைக் கணிப்பு பொய்க்கக்கூடும் என்று யாருக்கும் தெரியும். ‘கணிப்பு’ இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை மறுநாள் கோப்பை அனுப்பியாக வேண்டும். பெரும்பாலோர் இசைந்தபடி ‘பன்மரபணுக் குறியீட்டெண்’ என்று எழுதுகிறேன்; முதலில் வரும் இடத்தில் பாலிஜெனிக் ஸ்கோர் என்பதையும் ஒருமுறை தருகிறேன். ‘மதிப்பெண்’, ‘ஊழெண்’ இரண்டும் நீங்கின. தலைப்பில் ‘கணிப்பு’ நிற்கிறது. 12 முதல் 16 விழுக்காடு என்ற கணக்கையும் உடன்பிறப்பு ஒப்பீட்டையும் முதல் பக்கத்திலேயே அடிக்குறிப்பாகத் தர நூலாசிரியரின் இசைவைக் கேட்டிருக்கிறேன்.

புலவர் எழுதியது:

மரபீனியை என் நூல்களில் தொடர்ந்து எழுதுவேன்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

குறியீட்டெண்ணுக்கு என் முழு இசைவு. ‘கணிப்பு’க்கு இல்லை. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? தலைப்பைத்தான் எல்லோரும் படிப்பார்கள். அடுத்த பதிப்புக்கு முன் இந்த விவாதத்தை மறுபடி தொடங்குவேன்.