“நாங்கள் டேனியல் பூன் வழி”: வேர் தேடிப் போனவர்களின் பகிர்வு

செயின்ட் சார்ல்ஸ், மிசௌரி

என் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு அறையில் பழுப்பேறிய வம்சப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஒரு மரத்தின் படம். கிளை நுனியில் என் கணவரின் தாத்தா பெயர், அடிவேரில் “டேனியல் பூன், 1734–1820”. நான் மருமகளாகப் போன முதல் வாரமே அதைக் காட்டி, “நாங்கள் பூன் வழி” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை.

பிறகு தெரிந்துகொண்டேன். பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரையில் வேட்டைக்காரராக வளர்ந்தவர். 1775-ல் கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கென்டகிக்குப் பாதை வெட்டிய கூட்டத்துக்குத் தலைவர். பூன்ஸ்பரோ கோட்டை அவர் பெயரில்தான் எழுந்தது. 1799-ல், மிசௌரி இன்னும் ஸ்பெயின் கையில் இருந்தபோது, குடும்பத்தோடு இங்கே வந்தார். அவர் உயிர் பிரிந்தது கடைசி மகன் நேதனின் கல்வீட்டில். எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம்தான்.

என் மகள் பள்ளிக்காகக் குடும்ப மரம் வரைய வேண்டி வந்தபோதுதான் நான் இதில் இறங்கினேன். நூலகத்தில் உதவிய பெரியவர் ஒருவர் முதல் நாளே சொன்னது: “பூனிலிருந்து கீழே வராதீர்கள். உங்கள் மகளிடமிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் வேண்டும்.” அப்படியே ஏறினேன். 1900, 1880, 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தன. 1890 மட்டும் இல்லை. அந்தக் கணக்கெடுப்பின் ஏடுகள் பெரும்பாலும் 1921 தீவிபத்தில் போய்விட்டன. 1850-ல் வந்து முட்டிக்கொண்டேன். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை.

1850-ல் எங்களுக்கு ஒரு பூன் கிடைத்தார். பிறந்த இடம் கென்டகி. வம்சப்படம் அவரை டேனியலின் மகன் ஜெஸ்ஸியின் பிள்ளை என்கிறது. ஆனால் 1922-ல் வந்த பூன் குடும்ப வம்சாவளி நூலில் ஜெஸ்ஸியின் பிள்ளைகள் பட்டியலில் இவரைக் காணோம். இரண்டு மாதமாக மாமியாரிடம் வாய் திறக்கவில்லை. இந்த வழியில் போனவர்கள் இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

* * *

லெக்சிங்டன், கென்டகி

சகோதரி, நீங்கள் முட்டிய சுவரில்தான் பாதிப் பேர் முட்டுகிறார்கள். அலுவலக நண்பர் ஒருவருக்காக நானும் இரண்டு வருடம் இதில் அலைந்தேன்.

டேனியலின் பெற்றோர் ஸ்கொயர் பூன், சாரா மார்கன். அவர்களுக்குப் 11 பிள்ளைகள். இந்தக் குடும்பம் ஆறேழு பெயரையே திரும்பத் திரும்ப வைத்தது: டேனியல், ஸ்கொயர், இஸ்ரேல், சாமுவேல், ஜார்ஜ், ஜோனதன். தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே நாம் ‘பேரன்’ என்கிறோம்? அங்கேயும் அதே வழக்கம்தான். ஆகவே அண்ணன் தம்பி பிள்ளைகளிலும் டேனியல்கள் உண்டு. வம்சப்படம் வரைந்தவர்கள், அதிலும் பழைய காலத்தில் காசு வாங்கிக்கொண்டு வரைந்தவர்கள், எந்த டேனியலைப் பார்த்தாலும் புகழ்பெற்ற டேனியலோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஒரு கணக்கு கைகொடுக்கும். டேனியல், ரெபெக்கா தம்பதிக்கு 10 பிள்ளைகள், அதில் ஆண்கள் ஆறு. மூத்தவன் ஜேம்ஸ் 1773-ல், 16 வயதில், கென்டகிக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டான். இஸ்ரேல் 1782-ல் புளூ லிக்ஸ் சண்டையில் அப்பாவின் கண்ணெதிரே விழுந்தான். வில்லியம் கைக்குழந்தையிலேயே போய்விட்டான். மிஞ்சியவர்கள் டேனியல் மார்கன், ஜெஸ்ஸி பிரையன், நேதன் மூவர்தான். பூன் என்ற குடும்பப் பெயரோடு டேனியல் வழி என்று சொல்பவர் யாராக இருந்தாலும் இந்த மூன்று வாசலில் ஒன்றின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நண்பரின் முன்னோர் எந்த வாசலிலும் இல்லை. கடைசியில் அவர் டேனியலின் தம்பி ஒருவரின் வழி என்று தெரிந்தது.

அது தெரிந்தது நில வழக்குகளில். கென்டகியின் 1790 கணக்கெடுப்பு ஏடுகளே இப்போது இல்லை. ஆனால் நிலத்தகராறு ஏராளம். அந்த நாளில் எல்லைக்கல் ஏது? “வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடைக் கரை வரை” என்று மரத்தை வைத்தே அளந்து எழுதினார்கள். ஒரே காட்டை நாலு பேர் பதிந்தார்கள், வழக்கு வருடக்கணக்கில் நீண்டது. பூனே அப்படித்தான் நிலத்தை எல்லாம் இழந்தார். அந்த வழக்குகளில் சாட்சி சொன்ன கிழவர்கள் தங்கள் வயது, யாருக்கு யார் என்ன உறவு, எந்த வருடம் யார் எங்கே குடியிருந்தார் என்று எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பில் இல்லாத குடும்பம் அங்கே இருக்கிறது. நீங்களும் நீதிமன்றக் கட்டுகளைப் பாருங்கள்.

கென்டகித் தலைநகர் பிராங்க்ஃபர்ட்டில் ஆற்றுக்கு மேலே குன்றில் பூனின் நினைவுத்தூண் நிற்கிறது. 1845-ல் மிசௌரியிலிருந்து அவர் எலும்புகளையும் ரெபெக்காவின் எலும்புகளையும் தோண்டிக் கொண்டுவந்து புதைத்தார்கள். வேறு யாரையோ தோண்டிக்கொண்டு போனார்கள், பூன் இன்னும் எங்கள் மண்ணில்தான் இருக்கிறார் என்று மிசௌரிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் குன்றில் ஒரு மாலை நின்றிருந்தபோது, இவ்வளவு புகழ் பெற்றவரின் எலும்புக்கே உறுதி இல்லை, நாம் ஒரு சாதாரண விவசாயியின் அப்பா பெயரைத் தேடுகிறோமே என்று நெஞ்சு கனத்தது.

மரத்தில் செதுக்கிய பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். பூன் தன் பெயரின் (Boone) கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் ‘e’ எழுத்தை விடாமல் கையெழுத்திட்டவர். ‘கரடியைக் கொன்றேன்’ என்று மரங்களில் காணப்பட்ட புகழ்பெற்ற செதுக்கலில் அந்த எழுத்து இல்லை.

* * *

ராலே, வட கரோலினா

நான் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து, “நான் பூன் வழியா, சொல்” என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகும். உங்கள் கணவர் வழியில் இடையில் பெண் வராமல் பூன் ஆண்களாகவே வந்திருந்தால் சோதிக்கலாம். ஆனால் டேனியலுக்கும் அவர் அண்ணன் தம்பிகளுக்கும் இருந்தது ஒரே ஒய்தான். ஆக, “பூன் குடும்பம்” என்பது வரை அது சொல்லும், “டேனியல்” என்று சொல்லாது. மற்ற மரபணுச் சோதனையிலும் ஏழு தலைமுறைக்கு மேலே ஆளுக்கு 128 முன்னோர்கள். அதில் ஒருவரின் துணுக்கு உங்களிடம் இல்லாமலே போயிருக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல். பூன் குடும்பமும் பிரையன் குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். டேனியல் கட்டியது ரெபெக்கா பிரையனை. தம்பி எட்வர்ட் கட்டியது அவள் உடன்பிறந்த மார்த்தாவை. டேனியலின் தங்கை மேரி போனதும் பிரையன் வீட்டுக்கே. அக்கா தங்கை ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டால் பிள்ளைகளுக்கு உறவு இரு பக்கமும் ஓடும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணினி அதை நெருங்கிய ஒற்றை உறவாகக் காட்டி ஏமாற்றும்.

அந்தக் காலத்திலிருந்தே ஒரு பேச்சும் உண்டு. டேனியல் நெடுநாள் காட்டில் இருந்தபோது ரெபெக்காவுக்குப் பிறந்த பெண் எட்வர்டின் பிள்ளை என்று. 1762-ல் பிறந்த ஜெமைமாவைத்தான் சொல்வார்கள். 1776-ல் அவளை ஷாவ்னி, செரோக்கி பழங்குடி ஆட்கள் பிடித்துக்கொண்டு போனபோது பின்தொடர்ந்து போய் மீட்டுக்கொண்டு வந்தவர் டேனியல். அந்தப் பேச்சைச் சோதிக்கச் சொல்லித்தான் பக்கத்து வீட்டு அம்மா வந்தார், அவர் ஜெமைமா வழி. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று இரு பக்கமும் ஒரே இரத்தம் இருக்கும் இடத்தில், 250 வருடம் கழித்து எந்தச் சோதனையும் அதைப் பிரித்துச் சொல்லாது. அவளைப் பெற்று வளர்த்தவளைப் பற்றி நான் அந்தக் கேள்வியைக் கேட்கவும் விரும்பவில்லை.

* * *

ஸ்பிரிங்ஃபீல்ட், மிசௌரி

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆஷ் குரோவில் நேதன் பூன் பின்னாளில் வாழ்ந்த மரவீடு இன்னும் நிற்கிறது, மாநிலமே பராமரிக்கிறது. 1851-ல் வரலாற்றுச் சேகரிப்பாளர் லைமன் டிரேப்பர் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் தேடி வந்து, நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். பூன் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்த இரண்டு பேரின் நினைவு. டிரேப்பர் பூனின் வரலாற்றை எழுதி முடிக்காமலே போய்ச்சேர்ந்தார். கட்டுகள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன, நுண்படச்சுருளில் படிக்கலாம். கையெழுத்துக்குப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நான் எழுத வந்தது வேறு. என் சக ஆசிரியை ஒருவர் கறுப்பினத்தவர். அவர் குடும்பத்துக்கும் இந்த வட்டாரம்தான் பூர்வீகம். அவருடைய தேடலில் துணைக்குப் போனேன். உங்களுக்கு 1850 சுவர் என்றால் அவர்களுக்கு 1870. அந்த வருடக் கணக்கெடுப்பில்தான் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் எல்லாருக்கும் முதன்முதலாகப் பெயர் வருகிறது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். பெயர் வேண்டுமென்றால் எஜமானன் செத்த பிறகு எடுத்த சொத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கும் ஏருக்கும் இடையில் ஒரு வரி, ஒரு பெண் பெயர், பக்கத்தில் விலை. அதைப் பார்த்ததும் ஆசிரியை சட்டென்று எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போகவில்லை.

பூன் வீட்டிலும் இது உண்டு. 1787-ல் கென்டகியில் டேனியல் வசம் 7 அடிமைகள் இருந்தார்கள். மிசௌரியில் முதுமையில் அவரோடு வேட்டைக்குப் போன டெரி கோபர்ன், மகன் டேனியல் மார்கனின் அடிமை. நேதனின் வீட்டருகே அடிமைகளைப் புதைத்த இடமும் இருக்கிறது. பூன் வழி என்று மரம் வரையும்போது அந்த வீட்டில் வாழ்ந்த எல்லாரையும் எழுதுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். அங்கே கிடைக்கும் ஒரு பெயர் இன்னொரு குடும்பத்தின் சுவரை உடைக்கும்.

* * *

போர்ட்லாந்து, ஆரிகன்

நான் தினமும் வேலைக்குப் போவதே பூன்ஸ் ஃபெர்ரி சாலையில்தான். ஒரு நாள் யார் அந்தப் பூன் என்று தேடினேன். ஜெஸ்ஸியின் மகன் அல்ஃபான்சோ. 1846-ல் பிள்ளைகளோடு வண்டி கட்டிக்கொண்டு தெற்கு வழியாக ஆரிகன் வந்தவர். மறுவருடம் வில்லமெட் ஆற்றில் இந்தக் குடும்பம் படகுத்துறை போட்டது. மகள் க்ளோயி பின்னாளில் ஆரிகன் பிரதேச ஆளுநர் ஜார்ஜ் கரியின் மனைவி. சகோதரி, ஜெஸ்ஸி வழியென்றால் இந்தக் கிளையையும் பாருங்கள்.

ஆரிகனில் ஒரு வசதி. 1850 நிலக்கொடைச் சட்டம் மணமானவர்களுக்கு 640 ஏக்கர் கொடுத்தது, அதில் பாதி மனைவி பெயரிலேயே. அதனால் மனுவில் மனைவி யார், எந்தத் தேதியில் எங்கே மணம் நடந்தது என்று எழுத வேண்டியிருந்தது. வேறெங்கும் அகப்படாத பெண்கள் இந்தக் கட்டுகளில் அகப்படுகிறார்கள்.

* * *

செயின்ட் சார்ல்ஸ், மிசௌரி

எல்லாருக்கும் நன்றி. மனைவி பெயரைத் தேடச் சொன்னதுதான் எனக்குத் திறந்த கதவு. இதுவரை பூன் பூன் என்று ஆணைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்?

எங்கள் 1850 மனிதர் அதற்கு முன்பு நிலம் விற்ற பத்திரம் மாவட்டப் பதிவகத்தில் கிடைத்தது. அந்தக் காலச் சட்டப்படி நிலத்தில் மனைவிக்கு உரிமை உண்டு. ஆகவே கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியே கேட்டு, சம்மதம்தான் என்று எழுதியிருக்கிறார்கள். கீழே அவள் பெயர், நடுவில் ஒரு பெருக்கல் குறி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பதிவேட்டுக்குப் போனேன். பிறந்த வீட்டுப் பெயர் அங்கே இருந்தது. பூனும் இல்லை, பிரையனும் இல்லை. யாருக்கும் தெரியாத ஒரு குடும்பம். மனிதரின் அப்பா யார் என்று இன்னும் தெரியவில்லை. நீதிமன்றக் கட்டுகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

நேற்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். டேனியல் வழி என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை, இந்தப் பெண்ணுக்கு இருக்கிறது என்று பத்திர நகலைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெருக்கல் குறியை ரொம்ப நேரம் பார்த்தார். எழுதத் தெரியாதவளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

அவர்கள் ஊர்த் தேவாலயத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டமாக இருக்கலாம். சனிக்கிழமை இருவரும் போகிறோம். பாசி பிடித்த கல்லைத் தண்ணீரும் மிருதுவான பிரஷும் தவிர வேறெதையும் வைத்துத் தேய்க்கக்கூடாது என்று படித்தேன். எழுத்து மங்கிப்போயிருந்தால் படிக்க என்ன செய்வீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.