பெரிய வீடு குழு: கவிதா வளைகாப்பும் 300 தண்ணீர் பாட்டிலும்

முத்து: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு வளைகாப்புக்குக் கடையில் சொல்லிவிட்டேன். 200 மில்லி தண்ணீர் பாட்டில் 300, பேப்பர் தட்டு 150, பேப்பர் கப் 200, மேசையில் விரிக்கிற சுருள் 2. வேறு ஏதாவது வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

சங்கரன்: 👍

பிரியா: அத்தான், மொத்தம் எத்தனை பேர்?

முத்து: 90. குறைந்துவிடக் கூடாதே என்று கூடுதலாகச் சொன்னேன்.

செல்வி: முத்து, கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம். பாட்டில் விஷயம் அதைவிட மோசம். பாதி குடித்து வைத்துவிட்டு, எது நம்முடையது என்று தெரியாமல் அடுத்ததைத் திறப்பார்கள். ரமேஷ் வீட்டுப் பால்காய்ப்பில் பார்த்தோமே, பாதித் தண்ணீரோடு இரண்டு சாக்குப் பாட்டில் கிடந்ததை. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற ஊர் நம் பாளையங்கோட்டை. ஆளுக்கு அரை லிட்டர் என்றாலும் 90 பேருக்கு 45 லிட்டர்தான். முதல் நாளே காய்ச்சி ஆறவைத்து இரண்டு மண்பானையிலும் அண்டாவிலும் ஊற்றினால் போதும். டம்ளருக்கு அலைய வேண்டாம். பரணில் சாக்குக்குள் 120 எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அப்பா பெயர் வெட்டி வாங்கியது. சாப்பாட்டுக்கு இலை போடலாம். சாப்பிட்ட இலை பார்வதி வீட்டு மாட்டுக்குப் போகும், குப்பைக்கு ஒன்றும் மிஞ்சாது.

முத்து: பாட்டிலுக்குத் தடை இல்லையே சித்தி

செல்வி: இல்லைதான். தடை இல்லாததை எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பிரியா: நான் செல்வி அத்தை கட்சி

ராஜம்: டம்ளர் இருக்கிறது. யார் கழுவுவது?

ராஜம்: அம்மாவுக்கு 80 வயது விழா செய்தபோது நானும் பார்வதியும் சாயங்காலம் 5 மணி வரை கிணற்றடியில் இருந்தோம். உனக்கு அன்றைக்கு 2 மணிக்கே மதுரை பஸ்.

செல்வி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முத்து: சித்தி, என்ன அழித்தீர்கள்?

சங்கரன்: பழையதை இப்போது எதற்கு எடுக்கிறீர்கள். விடுங்கள்.

ராஜம்: நீ பேசாதே சங்கரா. அம்மாவின் பித்தளை அண்டா எங்கே?

பிரியா: எங்கள் வாசலில் அத்தை. மணி பிளாண்ட் வைத்திருக்கிறோம் 🙈

ராஜம்: அண்டாவில் செடியா

சங்கரன்: பத்திரமாகத்தான் இருக்கிறது அக்கா. அது இருக்கட்டும், இந்தத் தடவை கரண்ட் பில்லைப் பார்த்தீர்களா? இரண்டு மாதத்துக்கு 540 யூனிட். 500-ஐத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். அந்த 40 யூனிட்டுக்கு மட்டும்தானே கூடும் என்று நினைக்காதீர்கள்.

முத்து: மாமா, அம்மா ஒரு லைட்கூட வீணாகப் போடுவதில்லை. பழைய ஃபேன்தான் காரணம்.

சங்கரன்: எத்தனை?

முத்து: ஐந்து. ஒவ்வொன்றும் 75 வாட் இருக்கும். இப்போது வருகிற, கரண்ட் குறைவாக இழுக்கிற பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட்தான். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஐந்துக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 160 யூனிட் குறையும்.

சங்கரன்: இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே. விலை கேட்டு வை.

செல்வி: அண்ணே, ஃபேனைப் பிறகு பேசலாம். ஞாயிறு விஷயம் முடியவில்லை.

செல்வி: ராஜம் அக்கா, நீ சொன்னது சரி. அன்றைக்கு நான் அப்படிக் கிளம்பியிருக்கக் கூடாது. சனிக்கிழமை காலையே வருகிறேன், திங்கள்தான் திரும்புவேன். டம்ளர் என் பொறுப்பு.

ராஜம்: நீ மட்டும் எதற்கு? சாப்பிடுகிறவர்கள் எல்லோரும்தானே குடிக்கிறார்கள். சங்கரனும் முத்துவும் கழுவட்டும்.

முத்து: நான் ரெடி அம்மா

சங்கரன்: எனக்கு முதுகு வலி

பிரியா: அப்பா, உட்கார்ந்துகொண்டு துடைக்கலாம்

செல்வி: மூன்று தொட்டி வைத்துக்கொண்டால் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. முதல் தொட்டியில் அலசி, இரண்டாவதில் தேய்த்து, மூன்றாவதில் நல்ல தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அழுக்குத் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும். சோப்பு கொஞ்சமாகப் போதும், எண்ணெய்ப் பாத்திரத்தை அதில் கலக்காதீர்கள். அப்புறம் அண்ணே, அண்டா வந்தால் தண்ணீருக்கு மட்டும்தான். உள்ளே பூசிய வெள்ளீயம் தேய்ந்திருக்கும், புளி சேர்ந்தது எதுவும் அதில் வேண்டாம்.

முத்து: ஆச்சி பக்கத்தில்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அஞ்சு சோத்துக்கும் சேத்து ஒம்பது கிலோ அரிசி போதும். போன தடவை மாதிரி ஓடையில கொட்டக் கூடாது. இலை போடுங்க" என்கிறாள்.

பிரியா: ஆச்சி சொல்லிவிட்டாள் ❤️

முத்து: சரி, இலைதான். சனிக்கிழமை நயினார்குளம் மார்க்கெட்டில் வாங்கிவிடுகிறேன். தட்டு, கப், சுருள் மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாட்டில் 100 மட்டும் இருக்கட்டும், வயதானவர்களுக்கு.

செல்வி: வயதானவர்களுக்குத்தான் அந்த மூடி திறக்கவே வராது முத்து

கவிதா: நான் ஒன்று கேட்கலாமா? தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் சித்தி. திருச்செந்தூர் போகும்போது வாங்குவோமே, பனை ஓலைப் பெட்டி. அதில் வளையலும் ஒரு கருப்பட்டியும் வைத்துக் கொடுத்தால் எனக்குப் போதும். பிறகு வீட்டில் வெங்காயம், பூண்டு போட்டு வைத்துக்கொள்வார்கள்.

செல்வி: என் தங்கமே

ராஜம்: நாலு நாளில் 90 பெட்டி கிடைக்குமா?

முத்து: கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் மஞ்சப்பை.

கவிதா: பெட்டிதான் வேண்டும்

பிரியா: மதினி, வளையல் என்ன கலர்?

கவிதா: பச்சையும் சிவப்பும். கண்ணாடி வளையல்தான், சொல்லிவிட்டேன்.

சங்கரன்: முத்து, அந்த 100 பாட்டில் என்ன ஆயிற்று?

முத்து: நாளைக்குச் சொல்கிறேன் மாமா

ராஜம்: பரணில் இருந்து சாக்கை இறக்கிவிட்டேன். இரண்டு தரம் எண்ணினேன். 114 டம்ளர்தான் இருக்கிறது. ஆறு யார் வீட்டில்?

செல்வி: என்னிடம் இரண்டு 🙏

பிரியா: எங்கள் வீட்டில் நான்கு அத்தை. தாத்தா பெயர் வெட்டியது. நாங்கள் தினம் அதில்தான் காபி குடிக்கிறோம்.

ராஜம்: சனிக்கிழமை எடுத்து வா. அண்டாவையும்.